'ஹிட்' எங்கே, 'பீட்' எங்கே: எல்லையோரத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் என்று ஊருக்கு ஊர் தமிழ் பேசுகிறவர்கள் வாழ்கிறோம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், வேலை விண்ணப்பத்தில் ஆங்கிலம். மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்கள், லாரி வைத்திருப்பவர்கள் என்று யார் வந்தாலும் 'அடி' என்பதை ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில், 'ஹிட்' (hit) போடுவதா 'பீட்' (beat) போடுவதா என்று தெரியாமல் பேனா நின்றுவிடுகிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. 'ஹிட்', 'பீட்' இரண்டுக்கும் அகராதியில் 'அடி' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

எழுத முடியாது. தமிழில் 'அடித்தான்' என்று சொன்னால் போதும், கேட்பவர் மீதியை இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். பந்தை அடித்தான், பாம்பை அடித்தான், பறை அடித்தான், மூன்றுக்கும் ஒரே வினைதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். ஒரு முறை பட்டதா, திரும்பத் திரும்ப விழுந்ததா? ஒரு முறை பட்டால் 'ஹிட்'. அடுத்தடுத்து விழுந்தால் 'பீட்'. பந்துக்கு 'ஹிட்', பறைக்கு 'பீட்'. பாம்புக்கு எது என்பது, ஒரே போடாகப் போட்டீர்களா, சாகும்வரை விடாமல் அடித்தீர்களா என்பதைப் பொறுத்தது.

அகராதியைக் குறை சொல்ல வேண்டாம். அது தமிழில் இருக்கும் சொல்லைத் தருகிறது. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வழி தவறும். நடந்த காரியத்தை முதலில் கண்முன் கொண்டுவாருங்கள். கை எத்தனை முறை ஓங்கியது, எது எதன் மேல் பட்டது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

2. ஒரு அடி என்றால் 'ஹிட்', பல அடி என்றால் 'பீட்'. இவ்வளவுதானா விஷயம்?

முக்கால் பங்கு அவ்வளவுதான். முதலமடை மாந்தோப்பில் ஒரு பையன் கல் எறிகிறான். கல் போய் மாங்காயில் படுகிறது. அது 'ஹிட்'. பக்கத்தில் புளியமரத்தில் ஏறி நிற்கிறவர் நீண்ட கழியால் கிளைகளை அடித்துக்கொண்டே இருக்கிறார், புளி உதிர்கிறது. அது 'பீட்'. பையன் எறிந்த கல் படவில்லை என்றால் 'ஹிட்' என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. போய்ப் படுவதுதான் அதன் உயிர்.

மீதிக் கால் பங்கு, எண்ணிச் சொல்லும்போது வருகிறது. 'என்னை மூன்று முறை அடித்தான்' என்று எண்ணிக்கையோடு சொன்னால் 'ஹிட்'தான் சரி, பல அடியாக இருந்தாலும். 'ஹிட்'டை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். கிரிக்கெட் விதிப் புத்தகத்தில் 34ஆம் விதி, ஆடுபவர் தன் விக்கெட்டைக் காப்பதற்காக அல்லாமல் வேண்டுமென்றே பந்தை இரண்டாவது முறை அடித்தால் ஆட்டமிழப்பார் என்கிறது. அந்த விதியின் பெயரிலேயே 'ஹிட்' இருக்கிறது. 'பீட்' அடிகளை எண்ணாது. அடித்த அந்த நிகழ்ச்சி முழுவதையும் ஒன்றாகச் சொல்லும். 'மூன்று முறை பீட்' என்று எழுதினால், மூன்று வெவ்வேறு சந்தர்ப்பங்களில் போட்டு அடித்தான் என்று பொருள் வரும்.

3. பலமாக அடித்தால் 'பீட்', லேசாக அடித்தால் 'ஹிட்' என்று படித்திருக்கிறேன். சரியா?

சரியில்லை. இந்த எண்ணம்தான் எல்லாரையும் அதிகமாகக் குழப்புகிறது. ஒரே ஒரு அடியில் பல் உடையலாம், அது 'ஹிட்'தான். மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கலாம், அது 'பீட்'தான்.

எங்கள் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல ஊர்களுக்குக் கள் போகிறது. தென்னையில் கள் இறக்குகிறவரைக் கவனித்துப் பாருங்கள். விரியாத பாளையை இறுகக் கட்டுகிறார். பிறகு சிறு கட்டையாலோ எலும்புத் துண்டாலோ அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தட்டிக்கொண்டே வருகிறார். பாளை வெடிக்கக் கூடாது, கசங்கவும் கூடாது. உள்ளே பூக்கள் நைந்தால்தான் நீர் ஊறும். பல நாள் இப்படித் தட்டி, நுனியைச் சீவிச் சீவி வந்த பிறகே கள் சொட்டுகிறது. அவ்வளவு பதமான அந்தத் தட்டலுக்கு ஆங்கிலத்தில் 'பீட்' என்று எழுதலாம். அங்கே 'ஹிட்' என்று எழுதினால், பாளையில் ஒரு போடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்று ஆகிவிடும்.

இதயம் துடிப்பதும் 'பீட்'தான். அதில் பலம் எங்கே இருக்கிறது? விடாமல் துடிப்பதுதான் இருக்கிறது. ஆம்லெட்டுக்கு முட்டையை உடைத்து ஊற்றிக் கரண்டியால் அடித்துக் கலக்குவதும் 'பீட்'. முட்டையை 'ஹிட்' செய்தால் ஓடுதான் உடையும்.

4. தெரியாமல் பட்டால்? நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டால் என்ன சொல்வது?

'ஹிட்'. தெரியாமல் நடந்த எதற்கும் 'பீட்' வராது. திரும்பத் திரும்ப அடிப்பதென்றால் ஒருவர் நினைத்துத்தான் அடிக்க வேண்டும், அல்லது மழை, அலை, இதயம்போல இயற்கையாக ஓயாமல் நடக்க வேண்டும். நிலைப்படியில் தலை, கட்டில் காலில் சுண்டுவிரல், மின்கம்பத்தில் கார் எல்லாமே 'ஹிட்'.

தமிழில் இந்த இடத்தில் 'இடித்துக்கொண்டேன்', 'மோதியது', 'பட்டது' என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் போகும்போது இவை எல்லாம் 'ஹிட்'டில் அடங்கிவிடும். 'அடி' ஒரு பக்கம் இரண்டாகப் பிரிகிறது, இந்தச் சொற்கள் மறு பக்கம் ஒன்றாகச் சேர்கின்றன.

5. இறந்த காலத்தில் 'ஹிட்டட்', 'பீட்டட்' என்று எழுதலாமா?

இரண்டும் கிடையாது. 'ஹிட்' மூன்று வடிவத்திலும் 'ஹிட்'தான். 'கட்', 'புட்', 'ஷட்' போல மாறாமல் நிற்கும். 'பீட்' இறந்த காலத்திலும் 'பீட்'டாகவே இருக்கும், மூன்றாவது வடிவத்தில் மட்டும் 'பீட்டன்'.

அப்படியானால் நேற்று அடித்தானா, தினமும் அடிக்கிறானா என்று எப்படித் தெரியும்? 'அவன்', 'அவள்' என்று வரும் வாக்கியத்தில் ஓர் 'ஸ்' காட்டிக்கொடுக்கும். 'ஹி ஹிட்ஸ்' என்றால் அடிக்கிறான். 'ஹி ஹிட்' என்றால் அடித்தான். 'ஹி பீட்ஸ்', 'ஹி பீட்' என்பதும் அப்படியே. 'நான்', 'அவர்கள்' என்று வரும் இடத்தில் அந்த உதவியும் இல்லை. அங்கே 'நேற்று', 'தினமும்' என்று காலம் காட்டும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

6. எனக்கு மலையாளம் நன்றாக வரும். மலையாளத்தை வைத்து இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா?

ஓரளவு முடியும், எல்லையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு பாக்கியம்தான். மலையாளத்தில் 'அடிக்குக' என்பது நம் 'அடி' போலவே பரந்தது. ஆனால் 'தல்லுக' என்று இன்னொரு வினையும் இருக்கிறது. ஆளைப் பிடித்துப் போட்டு அடிப்பதற்கும், துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதற்கும் அதுதான் வரும். 'தல்லி' என்று மலையாளத்தில் சொல்ல வாய் வருகிற இடத்தில் பெரும்பாலும் 'பீட்' பொருந்தும். வண்டி 'இடிச்சு' என்று வருகிற இடத்தில் 'ஹிட்' பொருந்தும்.

காதில் மட்டும் கவனம் வேண்டும். மலையாளத்தின் 'தல்லு' வேறு, தமிழின் 'தள்ளு' வேறு. சண்டையை நேரில் பார்த்த ஒருவர் மலையாளத்தில் 'தல்லி' என்று சொன்னதைத் 'தள்ளினான்' என்று தமிழில் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'புஷ்' என்று எழுதினால், அடிபட்டவருக்கு அநியாயம் நடந்துவிடும்.

7. விளையாட்டில் ஜெயித்ததைச் சொல்ல 'பீட்' ஏன் வருகிறது? 'வி வன் தெம்' என்று எழுதினால் மார்க் போய்விட்டது.

மார்க் போனது நியாயம். 'வின்' என்பதற்குப் பின்னால் நீங்கள் பெற்றதுதான் வர வேண்டும்: போட்டி, கோப்பை, பரிசு, தேர்தல். தோற்றவர் வரக் கூடாது. 'அவர்களை ஜெயித்தோம்' என்று தமிழில் சொல்கிறோம், அதை அப்படியே கொண்டுபோனால் 'அவர்களைப் பரிசாகப் பெற்றோம்' என்பதுபோல் ஆகிவிடும். தோற்றவரைச் சொல்ல 'பீட்': 'வி பீட் தெம்'.

போட்டு அடித்தவன் ஜெயித்தவன்தானே? அந்த வழியில்தான் 'பீட்'டுக்குத் 'தோற்கடி' என்ற பொருள் வந்தது. தமிழிலும் 'தோற்கடித்தான்' என்பதற்குள்ளேயே 'அடித்தான்' ஒலிக்கிறது, பாருங்கள். சித்தூர் பகவதி கோவிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனின் சேனையைப் பகவதி துணை நின்று முறியடித்ததாக ஐதீகம். அதை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதச் சொன்னால் 'பீட்' போடுங்கள். 'ஹிட்' போட்டால் சேனைக்கு ஓர் அடி விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும், யார் ஜெயித்தார்கள் என்பது தெரியாது.

8. கிரிக்கெட் வர்ணனையில், பந்து மட்டையில் படவே இல்லை, 'பீட்டன்' என்கிறார்கள். படாமல் எப்படி அடி?

அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. முன் கேள்வியில் சொன்ன 'தோற்கடி' என்ற பொருள்தான் இது. பந்து மட்டையை ஏமாற்றிக்கொண்டு போனது, அந்த ஒரு பந்தில் வீசியவர் ஜெயித்தார், ஆடியவர் தோற்றார். அதனால் 'பீட்டன்'. மட்டையில் பட்டிருந்தால் அது 'ஹிட்' ஆகியிருக்கும்.

தன் மட்டையோ உடலோ தன் ஸ்டம்பில் பட்டு, பெயில் விழுந்து ஆட்டமிழப்பது 'ஹிட் விக்கெட்', 35ஆம் விதி. யாரும் ஸ்டம்பை அடிக்க நினைப்பதில்லை, தெரியாமல் பட்டுவிடுகிறது. 4ஆம் பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

9. 'மான்சூன் ஹிட்ஸ் கேரளா' என்று பத்திரிகையில் வருகிறது. பருவமழை நம்மை ஏன் அடிக்க வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'ஹிட்' ஆங்கிலத்துக்குள் வந்தது பழைய நார்ஸ் மொழியிலிருந்து. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது கொண்டுவந்த மொழி அது. அதில் 'ஹிட்டா' என்றால் எதிர்ப்படுவது, கண்டடைவது. இன்றைய ஸ்வீடிஷ் மொழியிலும் 'ஹிட்டா' என்றால் தேடிக் கண்டுபிடிப்பதுதான். அடிப்பது என்ற பொருள் பிறகு வந்தது. முதலில் இருந்தது போய்ச் சேர்வது.

இதைத் தெரிந்துகொண்டால் சிதறிக் கிடக்கிற பல பிரயோகங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஜூன் 1 என்பது தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதாக வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரி நாள். மழை வந்து சேர்ந்தது என்பதைத்தான் 'ஹிட்ஸ்' சொல்கிறது. அம்பு இலக்கைச் சேர்ந்தால் 'ஹிட்', வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டால் 'ஹிட்', யோசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வழி தோன்றினால் 'ஹிட்', படம் மக்களைப் போய்ச் சேர்ந்தால் அதுவும் 'ஹிட்'. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரியையும் தென் கேரளக் கடற்கரையையும் தாக்கியபோதும் ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல் வந்தது. அங்கே சேர்வதும் அழிப்பதும் ஒன்றாக இருந்தன.

வந்து சேர்ந்த மழை தகரக் கூரையின் மேல் விடாமல் விழும்போது சொல் மாறிவிடுகிறது. அது 'பீட்'. எங்கள் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம் ஆனதால் அந்தச் சத்தத்தைக் கேட்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

10. லாட்டரி அடித்தது என்பதற்கு 'லாட்டரி ஹிட் மீ' என்று எழுதினேன். தப்பா?

தப்பு. லாட்டரி உங்கள் மேல் வந்து மோதியதாக ஆகிவிடும். 'ஐ வன் த லாட்டரி' என்று எழுதுங்கள். 7ஆம் பதிலில் சொன்ன 'வின்', பெற்றதைச் சொல்லும் வினை. பெரிய பரிசே விழுந்தால் 'ஹிட் த ஜாக்பாட்' என்று சொல்வதுண்டு. அங்கேயும் நீங்கள்தான் பரிசைப் போய்ச் சேர்கிறீர்கள்.

இந்தக் கேள்வி எல்லையில் மட்டும் இவ்வளவு வருவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது, இன்றுவரை நடத்தி வருகிறது. அதனால் கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் டிக்கெட் வாங்குகிறவர்களில் பலர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்.

11. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது. இவற்றில் எது 'ஹிட்', எது 'பீட்'?

ஒன்றும் இல்லை. இங்கே இரண்டையும் மறந்துவிடுங்கள். வெயிலுக்கு 'ஷைன்', காற்றுக்கு 'ப்ளோ', நாற்றத்துக்கு 'ஸ்மெல்', காய்ச்சல் என்றால் 'ஐ ஹேவ் ஃபீவர்'. சுவருக்கு வர்ணம் அடிப்பது 'பெயிண்ட்', நோட்டீஸ் அடிப்பது 'பிரிண்ட்', கண் அடிப்பது 'விங்க்', விசில் அடிப்பது 'விசில்', கதிர் அடிப்பது 'த்ரெஷ்', சைக்கிளுக்குக் காற்று அடிப்பது 'பம்ப்'. தமிழில் ஒரே 'அடி' இத்தனை வேலையும் பார்க்கிறது என்றால் அது அந்தச் சொல்லின் வளம். ஆங்கிலம் அந்த வேலையை இத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சில நாட்களில் ஆளைத் தள்ளிவிடும். அதற்குக்கூட 'ப்ளோ'தான்.

12. செண்டை, மணி, கதவு? இந்த மூன்றிலும் மாணவர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள் என்று ஒரு டீச்சர் கேட்டார்.

செண்டைக்கு 'பீட்'. பல கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும் அந்த மேளத்துக்கு வேறு எந்தச் சொல்லும் ஈடாகாது. கோலால் ஒரே ஒரு முறை தட்டிப் பார்த்தால் மட்டும் 'ஹிட்'.

கோவில் மணியைக் கயிற்றைப் பிடித்து ஆட்டினால் 'ரிங்'. சில பள்ளிகளில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள், அதற்கு 'ஸ்ட்ரைக்' அழகாகப் பொருந்தும். போன் அடிப்பது 'ரிங்'. கதவைத் தட்டுவது 'நாக்'. மலையாளத்தில் கதவை 'முட்டுக' என்பார்கள், நமக்கு முட்டுவது ஆட்டுக்கிடா. கதவில் 'ஹிட்' என்று எழுதினால் உடைக்க வந்ததுபோல் தெரியும், 'பீட்' என்று எழுதினால் ஆபத்தில் ஓடிவந்து இரு கையாலும் அடித்ததுபோல் தெரியும். அப்படித்தான் நடந்தது என்றால் அப்படியே எழுதலாம்.

13. அப்படியானால் 'ஸ்ட்ரைக்' எதற்கு? அதுவும் அடிதானே? வேலைநிறுத்தத்துக்கும் அதே சொல்லாக இருக்கிறதே?

ஆமாம், பெரும்பாலும் 'ஹிட்'டின் இடத்திலேயே வரும், கொஞ்சம் எழுத்து நடை. இடி விழுவதற்குப் பெரும்பாலும் 'ஸ்ட்ரைக்'. கடிகாரம் மணி காட்டுவது, தீக்குச்சி உரசுவது இரண்டுக்கும் 'ஸ்ட்ரைக்'தான், 'ஹிட்' வராது. இறந்த காலம் 'ஸ்ட்ரக்'.

வேலைநிறுத்தம் எப்படி வந்தது என்பது சுவையான கதை. கப்பலில் பாயை இறக்குவதற்கும் மாலுமிகள் இதே வினையைச் சொல்வார்கள். 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் போராட்டத்தில் இறங்கியபோது கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் ஓடாது. அந்தச் செயலின் பெயரே வேலையை நிறுத்துவதற்குப் பெயர் ஆனது. யாரையும் அடித்ததால் வந்த பெயர் இல்லை.

14. போலீசிலும் வனத்துறையிலும் 'பீட்' என்கிறார்களே, அது எந்த அடி?

அது நடந்து நடந்து பழகிய பாதை. பலர் கால் பட்டு இறுகிய ஒற்றையடிப் பாதைக்கு ஆங்கிலத்தில் 'பீட்டன்' என்று சொல்வார்கள். காலடியும் திரும்பத் திரும்ப விழும் அடிதான், 1ஆம் பதிலின் அடிப்படைதான். ஒரு காவலர் வழக்கமாகச் சுற்றி வரும் எல்லை அவருடைய 'பீட்'. வாளையார், பறம்பிக்குளம் காடுகளில் பீட் வன அலுவலர் என்றால், தனக்கென்று பிரித்துக்கொடுத்த காட்டுப் பகுதியைச் சுற்றிப் பார்க்கிறவர்.

15. கள் இறக்குகிறவரை 'டாடி டேப்பர்' என்கிறார்கள். 'டேப்' என்றால் தட்டுவது. பாளையைத் தட்டுவதால் வந்த பெயரா?

அப்படித்தான் தோன்றும், 3ஆம் பதிலைப் படித்த பிறகு இன்னும் உறுதியாகத் தோன்றும். ஆனால் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு 'டேப்' இருக்கின்றன. ஒன்று பிரெஞ்சிலிருந்து வந்தது, மெல்லத் தட்டுவது. இன்னொன்று பழைய ஆங்கிலச் சொல், பீப்பாயின் அடைப்பான். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது வழியும், அதனால் திரவத்தை வடித்தெடுப்பதற்கும் அதுவே வினை ஆனது. தண்ணீர்க் குழாய்க்கு 'டேப்' என்று சொல்வதும் இதே வழியில்தான்.

நெம்மாறைப் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவரும் 'டேப்பர்'தான். அவர் மரத்தைத் தட்டுவதே இல்லை, பட்டையைக் கத்தியால் சீவிப் பால் வடிக்கிறார். இந்த ஒரு சான்று போதும்.

16. 'அவன் என் தலையில் அடித்தான்' என்பதற்கு 'ஹி ஹிட் ஆன் மை ஹெட்' என்று எழுதினேன். திருத்திவிட்டார்கள். ஏன்?

ஆங்கிலத்தில் அடி வாங்கிய ஆள் முதலில் வர வேண்டும், இடம் பிறகு: 'ஹி ஹிட் மீ ஆன் த ஹெட்'. தலை யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் 'மை' தேவையில்லை, 'த' போதும். 'ஹிட் அட்' என்று எழுதினால் குறிவைத்து ஓங்கினான் என்றுதான் பொருள், பட்டதா இல்லையா என்பது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. 'ஹி ஹிட் ஆன் மீ' என்று எழுதினால் அடித்தான் என்ற பொருளே போய்விடும். காதல் நோக்கத்தோடு என்னை அணுகினான் என்று ஆகிவிடும். 'என் மேல் அடித்தான்' என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றும்போது இந்த 'ஆன்' வந்து ஒட்டிக்கொள்கிறது. புகாரில் இது வந்தால் படிக்கிறவர் முற்றிலும் வேறு குற்றத்தை நினைப்பார். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

17. அடிதடிப் புகாரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'பீட்' போட்டால் கேஸ் பலமாக இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

நடந்தது 'பீட்' என்றால் போடுங்கள். கன்னத்தில் ஓர் அறை என்றால் 'ஸ்லாப்' என்றே எழுதுங்கள், அது இன்னும் துல்லியம். கையால் ஒரு அடி என்றால் 'ஹிட்'. கட்டையை எடுத்து விடாமல் அடித்தான் என்றால் 'பீட்'. அடித்துக் காயப்படுத்திக் கீழே போட்டுவிட்டுப் போனான் என்றால் 'பீட் அப்'.

சொல்லைப் பெரிதாக்கினால் கேஸ் பலமாகாது. வேண்டுமென்றே ஒருவருக்கு உடல் வலி உண்டாக்கினாலே போதும், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவில் அது தண்டனைக்குரியது. அடிகளின் எண்ணிக்கையை அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆனால் 'பீட்' என்று எழுதிவிட்டு, விசாரணையில் 'ஒரு அடிதான் அடித்தார்' என்று சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தைத்தான் பிடிப்பார். எத்தனை அடி, எதனால், எங்கே பட்டது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். எண்ணி எழுதினால் எந்த வினை வேண்டும் என்பது 2ஆம் பதிலின்படி தானாகவே தெரிந்துவிடும். தமிழில் எழுத வழி இருந்தால் தமிழிலேயே எழுதுவது இன்னும் நல்லது. நடந்ததைத் தாய்மொழியில் சொல்கிறவர் தடுமாறுவதில்லை.

வண்டி விபத்துக்கு இன்சூரன்ஸ் படிவம் நிரப்புகிறவர்கள் 4ஆம் பதிலைப் பாருங்கள். 'லாரி அடித்துவிட்டது' என்பது எப்போதும் 'ஹிட்'. ஆள் கீழே விழுந்தார் என்றால் 'நாக்ட் டவுன்'.

18. ஆசிரியர் மாணவனை அடித்தார் என்பதற்கு எது?

17ஆம் பதிலே இதற்கும். பிரம்பால் அடித்தால் 'கேன்' என்று தனி வினையே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளுக்கு உடல் ரீதியான தண்டனை தருவதைத் தடை செய்திருக்கிறது. எந்த வினையில் எழுதினாலும் அது தவறு என்பதில் மாற்றம் இல்லை.

19. 'இட் பீட்ஸ் மீ' என்று ஒருவர் சொன்னார். யார் அவரை அடித்தார்கள்?

யாரும் அடிக்கவில்லை. 'எனக்குப் பிடிபடவில்லை' என்கிறார். அந்த விஷயம் அவரை ஜெயித்துவிட்டது, 7ஆம் பதிலின் 'தோற்கடி'தான். வெறும் 'பீட்ஸ் மீ' என்றும் சொல்வார்கள். நண்பர்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு அது. நேர்முகத் தேர்வில் விடை தெரியாவிட்டால் 'ஐ டோன்ட் நோ' என்று சொல்லுங்கள்.